‘நம்மல்லி’ என்று கேட்டது

நவம்பர் 9, ஞாயிறு

விடியும்போதே தூறல். மாடியில் காயப்போட்ட துணி மறுபடி நனைந்தது. எடுக்கப் போகவில்லை. யாருக்கு என்ன அவசரம்.

தொட்டிக்கு மோட்டார். அரிசி ஊறல். கேஸ் புக் செய்ய வேண்டும். மகள் நிவேதாவுக்கு ஸ்வெட்டர் கூரியர். கோயம்புத்தூரில் குளிரே இல்லையாம், ஹாஸ்டலில் போட்டுக்கொண்டால் சிரிப்பார்களாம். அனுப்பத்தான் போகிறேன்.

நேற்று மஞ்சு பேசினார், என் வீட்டுக்காரர். கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள். அவர் வேலை பார்க்கும் ஹைஃபாவில் சனிக்கிழமைதான் லீவு. அதனால் சனிக்கிழமைகளில் மட்டும் நான் மனைவி. மற்ற நாளெல்லாம் கம்பெனியில் டெஸ்பாட்ச் செக்‌ஷன்.

நேராகவே கேட்டுவிட்டேன்.

"இந்த மாசத்தோட அக்ரிமெண்ட் முடியுதில்லீங்க. வர்றீங்களா, இல்ல இன்னும் நீட்டப் போறீங்களா? ஒரே வார்த்தைல சொல்லிடுங்க."

"ஒரே வார்த்தைல எப்பிடிச் சொல்றது. யோசன பண்ணி அனுப்பறேன்."

அதற்கப்புறம் இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம். இங்கே தூறல். அங்கே இப்போதுதான் ஆரம்பம்.

ஹை. குறிப்பு: முதலில் சின்ன மீன்பிடி ஊர். பக்கத்திலிருந்த அக்கா என்கிற ஊர்தான் பெரியது, பெரிய துறைமுகம். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தப் பகுதியை ஆண்டவர் பழைய ஹைஃபாவை இடித்துவிட்டு, கொஞ்சம் தள்ளி மதில் வைத்துப் புதிதாகக் கட்டினார். ஊரையே தூக்கி வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஆட்களைக் கேட்டிருப்பார்களா?

இந்தப் படிப்பு அவர் போனபோது தொடங்கியது. ஊர் எப்படி என்று கேட்டால் "கடல் இருக்குது, மலை இருக்குது, நல்லா இருக்குது" என்பார். முடிந்தது. கம்பி கட்டுகிற மேஸ்திரிக்கு ஊர் என்றால் தூணும் கூரையும்தான் போல. ஆகவே தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் போனில் இறக்கி, கம்பெனி பஸ்ஸில் போகவர நானே படிக்கிறேன். கிருஷ்ணகிரி காலேஜில் படித்த வரலாறு வேறு எதற்கும் உதவவில்லை.

நவம்பர் 10, திங்கள்

வந்துவிட்டது.

டீ பிரேக்கில் வாய்ஸ் மெசேஜ். பின்னால் ஏதோ மெஷின் உறுமல், யாரோ அரபியில் கத்துகிறார்கள். நடுவில் அவர்:

"யோசிச்சுப் பாத்தேன். அடுத்த மாசத்துல இருந்து நம்மல்லி இருப்பேன். நீ ஒண்ணும் யோசன பண்ணாத. உனக்குச் சரிதானே?"

நம்மல்லி. நம்மிடத்தில். கன்னட வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடமும் கன்னட மீடியம். என்னோடு தமிழ்தான், ஆனால் மனம் இளகும்போது வாக்கியத்தின் நடுவில் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்யாணமான புதிதில் எரிச்சல் வரும், பாதி பாதியாகப் பேசாதீர்கள் என்பேன். இன்று அந்தப் பாதிக்காகவே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

பதில் போட்டேன்: "ரொம்ப சந்தோஷம். சீக்கிரம் நடக்கட்டும்."

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜெயம்மாவிடம் போனைக் கொடுத்தேன். ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அந்தம்மா போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார்.

"நம்மல்லி அந்தரே நம் மனேலி, நம்ம வீட்ல! இதுக்கு டவுட்டு வேற. பர்றான் கணம்மா உன் ஆளு. இனிமே மோட்டார் போட்டுட்டு மறந்து போய் என் செவுத்த நனைக்க மாட்டே."

"அவுரு வந்தாலும் நான்தான் போடணும்."

"அப்போ கஷ்டம் டபுள்" என்று சிரித்தார். கொத்தமல்லிக் கட்டு ஒன்று கொடுத்தார்.

நவம்பர் 12, புதன்

வெயில். மலைக்கோயில் கோபுரம் பஸ்ஸிலிருந்து துல்லியமாகத் தெரிந்தது.

கட்டிலில் அவர் பக்கத்தில் துணி மடித்து மடித்து ஒரு குன்றாக ஆகியிருந்தது. எடுத்து பீரோவில் வைத்தேன். இல்லாத ஆள் இடத்தில் துணியை வைப்பது, படுக்கும்போது பக்கத்தில் ஏதோ உயரமாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. மெத்தையில் அந்தப் பக்கம் மேடு, என் பக்கம் பள்ளம். மாற்ற வேண்டும்.

பாக்கியத்திடம் சொன்னேன். என் டேபிளுக்கு எதிர் டேபிள், திருநெல்வேலிப் பெண். செக்‌ஷன் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"யக்கா, அண்ணன் வாராகளாம்லா! இன்னைக்கே முகம் மாறிட்டு. நாளைலேர்ந்து ஓவர்டைம் கேட்டா கெடையாதுன்னு சொல்லிருவீயளே."

"சும்மா இருடி."

"சும்மா இருந்தா எப்படி. முறுக்கு கொண்டாங்க."

மஞ்சுவிடம் டெக்ஸ்டில் கேட்டேன், எந்த வாரம் என்று. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் போடுவார், அதுவும் ரெண்டு ரெண்டு வார்த்தை. "முதல் வாரம். ரூம் சாமான் எல்லாம் பெட்டி கட்டணும்."

பெட்டி கட்டணும். இந்த இரண்டு சொல்லை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் நிவேதா சிரிப்பாள்.

நவம்பர் 13, வியாழன்

ஹை. குறிப்பு: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் வந்தது. உள்நாட்டுக் கோதுமை எல்லாம் ரயிலேறி இங்கே கடலுக்கு வந்தது. அக்கா மங்கியது, ஹைஃபா வளர்ந்தது. ஓர் ஊர் எழும்பினால் பக்கத்து ஊர் ஒன்று உட்கார்ந்துவிடுகிறது. எங்கள் ஓசூர் வளர்ந்தபோது எது உட்கார்ந்தது?

முதல் உலகப் போரில் அந்த ஊரை துருக்கியரிடமிருந்து பிடித்தது குதிரைப்படை. ஜோத்பூர், மைசூர் ஆட்கள். ஜெயம்மாவிடம் சொன்னேன், அவர் பிறந்த வீடு மைசூர்.

"நம்மோரு ஆவாக்லே ஹோகித்ரா! நம்ம ஆளுங்க அப்பவே போனாங்களா, பாஸ்போர்ட்டு இல்லாமயா?"

"குதிரை இருந்துச்சு, அதனால விட்டுட்டாங்க."

"திரும்பி வந்தாங்களா எல்லாரும்?"

வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சில பேர், என்றேன்.

குளிர் ஏறிவிட்டது, ஸ்வெட்டரைக் கைப்பெட்டியில் வையுங்கள், இறங்கியதும் தேவைப்படும் என்று மெசேஜ் போட்டேன். பதில்: "ஆமா. அங்க காத்து ஜாஸ்தியாம்."

ஜாஸ்தியாம். பிறந்து வளர்ந்த ஊரின் காற்றை யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி. தூரம் போனால் சொந்த ஊரும் கேள்விப்பட்ட ஊராகிவிடும் போல.

நவம்பர் 15, சனி

இன்று போன் இல்லை. "மெடிக்கல் டெஸ்ட் இருக்கு. அடுத்த வாரம் பேசறேன்." கிளம்பும்போதும் எடுத்தார்கள், வரும்போதும் எடுப்பார்கள் போல.

காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே வேலை. தேங்காய் துருவும்போதும் பக்கத்தில். டிவியை ஓடவிட்டேன். யாரோ இருவர் பேசிக்கொண்டிருந்தால் வீடு கொஞ்சம் சூடாக இருக்கிறது. என்ன பேசினார்கள் என்று தெரியாது.

சனிக்கிழமையும் பேசாவிட்டால் அந்த வாரம் என் குரலை நானே கேட்பது பாக்கியத்தின் முன்னால்தான். அதுவும் பார்ட் நம்பர், பெட்டி எண்ணிக்கை, லாரி வந்ததா.

நிவேதா கூப்பிட்டாள்.

"மா, அப்பா வந்தா அந்த ஹைஃபா புக்க என்ன பண்ணுவே? நீ அந்த ஊருக்கே எம்.ஏ. பண்ணிட்டு இருக்கே."

"பாதில விட முடியாது. துறைமுகம் பாக்கி இருக்கு."

"அப்பாவே நேர்ல சொல்வாரும்மா."

"உங்கப்பாவா? கடல் இருக்குதுன்னு சொல்வாரு."

இருவரும் சேர்ந்து சிரித்தோம். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நான் மட்டும் சிரித்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மெத்தை வந்தது. இரண்டு பையன்கள் படியில் திருப்பித் திருப்பி ஏற்றினார்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. அவர் வந்து பிரிக்கட்டும். பழைய மெத்தையை வெளித் திண்டில் சாய்த்து வைத்திருக்கிறேன், படுக்கை கீழே பாயில்.

ஸ்கூட்டரைத் துடைத்தேன். பேட்டரி செத்திருந்தது. மெக்கானிக் மாற்றிவிட்டு "சார் வந்துட்டாராக்கா?" என்றார். வர்றாரு என்றேன். அந்தச் சொல்லைச் சொல்வதற்காகவே இன்று கடைவீதியில் நாலு இடத்தில் நின்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மூடுபனி. பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. ஹைவேயில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக, எல்லாம் கடலைப் பார்த்துப் போகிறவை. எந்தப் பக்கமும் கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்து, கடலுக்குப் போகிற பெட்டிகளுக்குச் சீல் வைக்கிற வேலை எனக்கு.

ஹை. குறிப்பு: துறைமுகத்தை வெள்ளைக்காரன் கட்டினான். கடலைத் தோண்டி அந்த மண்ணையே கொட்டிக் கரையை முன்னால் தள்ளினான். அதனால் துறைமுகத்தெரு எல்லாம் முன்பு தண்ணீர். ஈராக்கிலிருந்து குழாயில் எண்ணெய் வந்தது, சுத்திகரிப்பு ஆலை வந்தது, ரயில் பட்டறை வந்தது. ஊர் ஊராக ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். அரபியும் யூதரும் ஒரே பட்டறையில், சில சமயம் ஒரே வேலைநிறுத்தத்தில்.

இந்த இடத்தில் நம் ஊர் ஞாபகம். எங்கள் லைனிலும் திருநெல்வேலி, ஆந்திரா, ஒடியா, பெங்காலி. மெஷின் முன்னால் ஒரே பாஷை. சாப்பாட்டு மேஜையில் தனித்தனி.

பிறகு 1948. அரபிக் குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் அந்தத் துறைமுகம் வழியாகவே படகேறிப் போனார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியோடு. சீக்கிரம் திரும்பலாம் என்று நினைத்து. அதே துறைமுகத்தில் வேறு கப்பல்களில், ஐரோப்பாவில் எல்லாம் இழந்த யூதர்கள் வந்து இறங்கி, அந்த வீடுகளில் குடியேறினார்கள்.

புத்தகத்தை மூடிவிட்டேன். ஜன்னலில் பனி. திரும்பி வருவோம் என்று நினைத்துப் பூட்டுவதும், திரும்பமாட்டோம் என்று தெரிந்து பூட்டுவதும், பூட்டுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

நவம்பர் 20, வியாழன்

எப்படி எழுதுவது.

திரும்பி வரும் பஸ். கடைசி அத்தியாயம்: இப்போதைய ஹைஃபா. ரசாயன ஆலைகள், மாவு ஆலை, மலையடிவாரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள். வளைகுடாவில் புதுத் துறைமுகம் ஒன்று. பழையதை நம் நாட்டு நிறுவனம் வாங்கியிருக்கிறது, அதைப் படித்தபோது கொஞ்சம் பெருமைகூட. பக்கத்தில் ஒரு படம், துறைமுக வாசலில் உள்ள பலகை. மூன்று மொழி எழுத்தில். கீழே சின்னதாக விளக்கம் போட்டிருந்தான்: துறைமுகத்துக்கு அரபியில் மீனா. ஹீப்ருவில் நமல்.

நமல்.

முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. அடுத்த பக்கம் தள்ளினேன். மறுபடி பின்னால் வந்தேன்.

நமல். நமல்-ல. நமல்ல இருப்பேன்.

காதில் மாட்டி அந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டேன். மெஷின் உறுமல். அரபிக் கத்தல். "அடுத்த மாசத்துல இருந்து நமல்ல இருப்பேன்." ஒற்றை மகரம். கடைசியில் ‘லி’யும் இல்லை. பத்து நாளாக நான் போட்டுக் கேட்ட ‘லி’ எங்கிருந்து வந்தது?

அடுத்த மாதத்திலிருந்து துறைமுகத்தில் இருப்பேன். நீட்டப் போகிறேன். உனக்குச் சரிதானே?

ரொம்ப சந்தோஷம். சீக்கிரம் நடக்கட்டும்.

மெசேஜ்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் வாரம்: வேலை மாறுகிற வாரம். பெட்டி கட்டணும்: ரூம் மாற்றுகிறார். மெடிக்கல்: துறைமுகத்துக்குள் விட எடுப்பது. அங்க காத்து ஜாஸ்தியாம்: கடலோரம். எந்தச் சொல்லும் பொய் இல்லை. ஒரு சொல்கூட மாறவில்லை. ஊர் மட்டும் மாறிவிட்டது.

அவர் கேட்டார், நான் சம்மதித்தேன். அப்படித்தான் அவருக்குத் தெரியும்.

என் ஸ்டாப்பில் இறங்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்து "யக்கா, ஷெட்டுக்கா வர்றீங்க?" என்றார்.

நவம்பர் 21, வெள்ளி

லீவு போடவில்லை. வீட்டில் இருந்தால் மெத்தையைப் பார்க்க வேண்டும்.

ஜெயம்மாவிடம் சொன்னேன். வாயில் கை வைத்துக்கொண்டார். "நானும் சேர்ந்து கெடுத்தேனா" என்றார். இல்லீங்கம்மா என்றேன். உண்மையில் நமக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. ரெண்டு பாஷை தெரிந்த காது, வேண்டியதை எந்தப் பாஷையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். தமிழ் மட்டும் தெரிந்தவளாக இருந்திருந்தால் "நமல்லன்னா என்னங்க?" என்று அன்றைக்கே கேட்டிருப்பேன்.

அவருக்குச் சொல்வதா? சொன்னால் அவர் சங்கடப்படுவார். சொல்லாவிட்டால் நான் சந்தோஷமாக அனுப்பி வைத்தவளாகவே இருந்துவிடுவேன், அவர் மனத்தில், எத்தனை வருஷத்துக்கோ.

பாக்கியம் முறுக்கு கேட்டாள். தள்ளிப் போகுது என்றேன். முகத்தைப் பார்த்தாள். மத்தியானம் அவள் டிபனிலிருந்து அவியலை என் தட்டில் வைத்தாள்.

நவம்பர் 22, சனி

வீடியோவில் வந்தார். கடலோரம், சுவர்மேல் உட்கார்ந்து. கறுத்திருக்கிறார். மீசையில் நரை. பின்னால் கிரேன்கள், பெரிய பெரிய நாரைகள் மாதிரி.

"பாரு, இதான் புது எடம். இன்னிக்கே வந்து பாத்துட்டேன். மனசு லேசா இருக்குது இங்க." பிறகு கண்ணைச் சுருக்கினார். "பின்னாடி என்ன அது? புது மெத்தையா?"

"ஆமாங்க."

"பிளாஸ்டிக்கோட இருக்குது. வீட்டுக்கு யாராச்சும் வர்றாங்களா?"

"வர்றதா இருந்துச்சு."

"யாரு?"

"நீங்க."

"நானா?"

"நம்மல்லி இருப்பேன்னீங்க."

உதடு அசைந்தது. சத்தமில்லாமல் அந்தச் சொல்லை வாயில் போட்டுப் பார்த்தார், கல் இருக்கிறதா என்று அரிசியைப் பார்க்கிற மாதிரி. சிரித்தார். அவருடைய நிஜச் சிரிப்பு, தோள் குலுங்க. பாதியில் நின்றுவிட்டது.

"அய்யோ. நமல்-லன்னேன். துறைமுகத்துல. இங்க எல்லாரும் அப்பிடியே சொல்லிச் சொல்லி வாயில ஒட்டிக்கிச்சு."

"தெரியும்."

"நீ சந்தோஷம்னு அனுப்பினியே. அதப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒத்துக்க மாட்டேன்னு பயந்துட்டே இருந்தேன். இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

கடலைப் பார்த்தார். இல்லையென்றாலும் போட்டிருப்பாரோ. அந்த இடத்தில் அவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். மனசு லேசா இருக்குது என்றாரே, அதை நான் முன்பே கேட்டுவிட்டேன். வேலைக்காக மட்டும் அங்கே இருக்கிற ஆளின் முகம் இல்லை அது.

அழக் கூடாது என்று ஏதாவது பேச வேண்டியிருந்தது.

"பின்னாடி தெரியுதே, அது வெள்ளைக்காரன் கட்டுன பழைய துறைமுகம். கடலைத் தோண்டுன மண்ணைக் கொட்டி ரொப்புன எடம். நீங்க உக்காந்திருக்கிறது முன்ன கடலு."

குனிந்து கீழே பார்த்தார், நனைந்துவிட்டதா என்பது போல.

"உனக்கு எப்பிடித் தெரியும்? இங்கயே இருக்கிறவளாட்டம் பேசற."

"அங்கதாங்க இருக்கேன். நீங்க போனதுல இருந்து. நீங்கதான் பாக்கல."

 லைன் கட்டாகவில்லை. காற்றுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, ஜாஸ்திதான்.

நவம்பர் 23, ஞாயிறு

மோட்டார். தொட்டி வழிந்து ஜெயம்மா சுவர் நனைந்தது. அந்தம்மாவே துணி போட்டுத் துடைத்துவிட்டார், அதுதான் கஷ்டமாக இருந்தது.

கன்னடம் எனக்கு நன்றாகப் புரியும். அவரிடம் பேசியதில்லை. என் ஊரான மத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், அவர் சொந்தக்காரர்கள் வந்தபோது பால் வேண்டுமா என்று கன்னடத்தில் கேட்கப் போனேன். ஹாலு என்பதற்கு ஹாளு என்றுவிட்டேன். பால் வேண்டுமா என்பது பாழ் வேண்டுமா என்று ஆகிவிட்டது. கூடம் முழுக்கச் சிரிப்பு. அவரும்தான். அன்றைக்கு மூடிய வாய்.

இன்று மாடியில் நின்று நானே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஜெயம்மா கீழேயிருந்து "யாரு கூட பேசற?" என்றார். துணி காயப்போடறேன் என்றேன்.

பிறகு பதிவு செய்து அனுப்பினேன். குறை சொல்லவில்லை, வேறு எதுவும் பேசவில்லை.

"நம் மனேகெ பன்னி. மனேகெ."

நம் வீட்டுக்கு வாருங்கள். வீட்டுக்கு. இதில் வேறெதுவும் கேட்க வழியில்லை. இருந்தாலும் அனுப்பிவிட்டு ஒரு தடவை போட்டுக் கேட்டேன். குரல் என் குரல் மாதிரியே இல்லை. யாரோ இளைய பெண்.

நவம்பர் 25, செவ்வாய்

லீவு போட்டேன். நல்ல வெயில். நிவேதா: ஸ்வெட்டர் வந்ததாம், ரூம்மேட் போட்டுக்கொண்டு திரிகிறாளாம்.

மெத்தையின் பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். மத்தியானம் நடுவில் படுத்துப் பார்த்தேன். மேடும் இல்லை பள்ளமும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான்.

ஹை. குறிப்பு: புத்தகம் முடிந்தது. மற்ற ஊர்களில் சனிக்கிழமை பஸ் ஓடாதாம், ஹைஃபாவில் ஓடுமாம். இதை மட்டும் அவரும் ஒருதரம் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் அவருடைய வாய்ஸ் மெசேஜ். உடனே திறக்கவில்லை. காபி போட்டேன். ஆறிய பிறகு திறந்தேன்.

"கேட்டேன். எத்தன தடவ கேட்டேன்னு தெரியல. நீ கன்னடத்துல... அன்னிக்கு எல்லாரும் சிரிச்சோமே, நானும் சிரிச்சேன். சரி. ஏப்ரல் மாசத்துக்கு எழுதிக் குடுத்திருக்கேன். கண்டிப்பா மனேகெ வந்துட்..."

அங்கே காற்று. கிரேன் பின்வாங்குகிற பீப் பீப். முடிந்துவிட்டது.

வந்துடறேனா, வந்துட்டுப் போறேனா.

சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். ஒரு தடவை இது, ஒரு தடவை அது. எனக்குப் பிடித்ததுதான் அதிகம் கேட்கிறது. காதைத் தெரியும் எனக்கு இப்போது.

ஜெயம்மாவிடம் கொண்டுபோகவில்லை. அந்தம்மா சந்தோஷமானதைத்தான் கேட்பார்.

"பாதிதான் வந்திருக்கு. மிச்சத்தை எழுதி அனுப்புங்க. எந்த பாஷையா இருந்தாலும் சரி" என்று போட்டேன்.

மாடியில் துணி காய்ந்துவிட்டது. எடுத்து வந்து மடித்து, கட்டிலில் வைக்காமல் நாற்காலியில் வைத்தேன். வந்து போனைப் பார்த்தேன்.

ஒரே டிக்.